மேலே ஒருத்தர் வாசிப்பார்

பூட்டைப் பூட்டிவிட்டு ஏழு தடவை இழுத்துப் பார்ப்பார். பிறகு நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து, எட்டாவது தடவையும் இழுத்துப் பார்ப்பார். அதற்குள் காலை ஆறரை பஸ் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் வந்து நின்று ஹோர்ன் அடிக்கும், கண்டக்டர் திட்டுவான். நான் பஸ்ஸுக்குள் இருந்துகொண்டு, இந்த மனுஷன் வீட்டுக்குள் அப்படி என்னத்தைத்தான் வைத்திருக்கிறார் என்று பல்லைக் கடிப்பேன். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"களவு போறதுக்கு ஒண்ணுமில்லைங்க டீச்சர்," என்றார். "பூட்டினியான்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா, பூட்டினேன்னு சத்தியம் பண்ண முடியணுமில்ல."

அவரை எல்லோரும் முதலியார் என்றுதான் கூப்பிடுவார்கள். சாதிப் பெயரில்லை. கோர்ட்டில் மொழிபெயர்க்கிறவருக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த பட்டம் அது. எங்கள் டவுன் கோர்ட்டில் நீதவான் சிங்களத்தில் கேட்பார், லோயர்மார் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாதாடுவார்கள், கூண்டில் நிற்கிற எங்கள் ஆட்களுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. நடுவில் இவர் நிற்பார். அவரும் எங்களைப் போல லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், பிறந்தவர்தான். மாதா கோயில் பாதர் ஒருவர் படிக்கவைத்து ஆளாக்கிவிட்டார். சந்திக் கடைகளுக்குப் பின்னால் ஒரு தகரக்கூரை வீட்டில், மூச்சிழுப்பு நோய்க்காரச் சம்சாரத்தோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், அவர் எங்கே இருந்தாலும் பயப்படுவார்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. நான்கு வருஷம் அவரும் நானும் ஒரே பஸ். அந்த நான்கு வருஷத்தில், ஒரே ஒரு நாளைத் தவிர, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என்னோடு பேசினாலும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு உதட்டை அசைக்காமல்தான் பேசுவார். கலவரத்துக்குப் பிறகு, பஸ்ஸில் தமிழை உரக்கப் பேச எல்லோருமே யோசித்த காலம்தான் அது. இருந்தாலும் இவருடைய பயம் அந்தக் காலத்துக்கும் மேலே ஒரு படி போனது.

பிரஜாவுரிமைக் கடதாசி ஒன்றுக்காகக் கோர்ட்டுக்குப் போன நாளில் அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். கூண்டில் ஒரு கிழவர். நீதவான் ஏதோ கேட்க, கிழவருக்குக் கோபம் தலைக்கேறி, நீதவானின் பரம்பரையையே இழுத்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். தமிழ் தெரிந்த நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். முதலியார் காது மடல் வரை சிவந்துபோய், அத்தனை கெட்ட வார்த்தையையும் ஒன்று விடாமல் சிங்களத்தில் சொன்னார். நீதவான் போதும் என்று கையைக் காட்டினார். "இன்னும் ஒன்று இருக்கிறது, கனம் ஐயா," என்று அதையும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார். அடுத்து வந்த ஒரு பெண் பேசாமல் அழுதுகொண்டே நின்றாள். அவள் அழுகிற நேரமெல்லாம் இவர் நிமிஷத்துக்கொரு தடவை, "அழுகிறார்," என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

எதற்கு இந்த வேலை என்று பஸ்ஸில் கேலி செய்தேன். அவர் கேலியை எடுத்துக்கொள்ளவே இல்லை.

"மேல ஒருத்தரு இத வாசிப்பாருங்க டீச்சர். அவரு இங்க இருந்ததில்ல. அவருக்கு இந்த ஆளோட மூஞ்சி தெரியாது, அழுகை தெரியாது. கடதாசியில என்ன இருக்கோ அதுதான் அவருக்கு நடந்தது."

மேலே என்றால் கொழும்பில் இருந்த மேன்முறையீட்டு நீதிமன்றம். மற்றவர்கள் முனியாண்டி சாமியைப் பற்றிப் பேசுகிற குரலில் அவர் அதைப் பற்றிப் பேசுவார். அப்பீல் என்பதில் அவருக்கு அவ்வளவு பயமில்லை. அதற்குப் பதினாலு நாள் என்று கணக்கிருக்கிறது, தோற்றவன் கேட்டால்தான் வரும், நாள் தாண்டினால் தொல்லை விட்டது. அவரைத் தூங்கவிடாதது ரிவிஷன். அதற்கு நாள் கிடையாது. யாரும் கேட்கவேண்டும் என்றுகூட இல்லை. கீழே நடந்தது சட்டப்படி சரியா, முறையாக நடந்ததா என்று மேலே உள்ளவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் போதும். கேஸ் கட்டை அனுப்பு என்று ஒரு கடிதம் வரும். கட்டைப் பிரித்தால் எந்தப் பக்கத்தையும் பார்ப்பார்கள். தண்டனையைக் குறைப்பார்கள், எடுத்தே விடுவார்கள், கூட்டியும் விடுவார்கள்.

கூட்டியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். வாலிபத்தில் வேறொரு கோர்ட்டில் இருந்தபோது, மூன்று மாதம் தீர்ப்பான ஒருவன் இவர் காலைப் பிடித்து அழுதிருக்கிறான். இரக்கப்பட்டு, அப்பீல் போடு என்று இவர்தான் சொல்லிக்கொடுத்தாராம். மேலே இருந்தவர்கள், இந்தக் குற்றத்துக்கு மூன்று மாதம் போதாது என்று ஒரு வருஷமாக்கி அனுப்பினார்கள். அதை அவனுக்குத் தமிழில் சொல்லவேண்டிய வேலையும் இவருக்குத்தான் வந்தது. அதற்குப் பிறகு அவர் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. கேஸ் முடிந்துவிட்டது என்று யாராவது சந்தோஷப்பட்டால் முகம் சுருங்கிவிடும். இந்த ஆளுக்குக் கிறுக்கு என்று நான் முடிவு கட்டியிருந்தேன், என் அண்ணன் கூண்டில் ஏறும் வரை.

என் அண்ணன் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தான். ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் பக்டரி. ஒரு நாள் ஸ்டோருக்குப் பின்னால் வேலியோரத்தில் தேயிலைத் தூள் நிரப்பிய பை ஒன்று கிடந்தது. இவன் வைத்ததுதான் என்று வாச்சர் கையைக் காட்டினான். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கோர்ட்டில் முதல் தவணைக்கு ஒன்றும் நடக்காது, திகதிதான் போடுவார்கள், லோயர் அடுத்த தவணைக்குப் போதும் என்று தோட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் பாடம் நடத்தப் போய்விட்டேன். அந்த ஒரு நாளுக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கூண்டில் வைத்துக் குற்றச்சாட்டைச் சிங்களத்தில் வாசித்தார்கள். அண்ணன் இரண்டு கையையும் கூப்பித் தலையைக் குனிந்துகொண்டான்.

எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் தோட்டத்துத் தொரை ஏசினால் பதில் பேசக் கூடாது. செய்தாலும் செய்யாவிட்டாலும் பேசக் கூடாது. கையைக் கூப்பி, தலையைக் குனிந்து, ஏச்சு ஓயும்வரை நிற்கவேண்டும். தொரையின் கோபம் தணிந்தால் நாளைக்கு வேலை உண்டு. "நான் எடுக்கலை" என்று சொல்வது எதிர்த்துப் பேசுவது. மூன்று தலைமுறையாக இப்படித்தான் பிழைத்திருக்கிறோம். அண்ணன் நீதவானுக்கும் அதையேதான் செய்தான். கோர்ட்டு அதை எழுதிக்கொண்டது. குற்றச்சாட்டு விளக்கப்பட்டது, எதிரி குற்றத்தை ஒத்துக்கொள்கிறார். ஆறு மாதம் மறியல், அதாவது ஜெயில்.

மறுவாரம் தோட்டத்து ஆபீஸிலிருந்து அண்ணிக்குக் கடிதம் வந்தது. அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று, மாதத்துக்குள் காம்பராவைக் காலி செய்யவேண்டும். அண்ணி ஏழு மாதக் கர்ப்பிணி, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. அந்தக் காம்பராவை விட்டால் எங்களுக்கு உலகத்தில் வேறு கூரை கிடையாது. எந்த நேரத்தில் வாச்சர்மார் வந்து சட்டி பானையைத் தூக்கி வெளியே வீசுவார்களோ என்று அண்ணி கதவைச் சாத்தியபடியே சமைத்தாள். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் பிள்ளையின் வாயைப் பொத்துவாள்.

லோயரைப் பிடித்தேன். ஒத்துக்கொண்டவனுக்கு அப்பீல் கதவு அநேகமாக மூடித்தான் இருக்கும் என்றார். ரிவிஷன் இருக்கிறது, ஆனால் அது நமக்கு உரிமையில்லை, அவர்கள் மனசு வைத்தால்தான் என்றார். தமிழில் விளக்காமல் வாங்கிய ஒப்புதல் செல்லாது. அது சரிதான் என்றார். ஆனால் கட்டைப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார். விளக்கப்பட்டது என்று எழுதி, அதற்குக் கீழே முதலியாரின் கையெழுத்து இருக்கிறது, மேலே உள்ளவர்கள் அதைத்தான் நம்புவார்கள் என்றார்.

அது எப்படி முடியும் என்று கேட்டேன். ஏனென்றால் அண்ணன் கூண்டில் ஏறிய அன்றைக்கு அவர் ஆறரை பஸ்ஸில் வரவில்லை. சம்சாரத்தைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, சந்தியில் தேயிலைக் கொழுந்து லொறியை மறித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றியதை பஸ்ஸுக்குள் இருந்து நான் பார்த்தேன். கோர்ட்டில் கடைத்தெருத் தமிழ் தெரிந்த ஒரு பியூனை நிற்கவைத்துச் சமாளித்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோயில் பூசை முடிந்து வந்த பிறகு வீட்டுக்குப் போனேன். பகலிலேயே பனி மூடி எதிர்வீடு தெரியவில்லை. சம்சாரம் கட்டிலில் சாய்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் என்னைப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

லீவு சொல்லாமல் போய்விட்டாராம். மத்தியானம் கோர்ட்டுக்குத் திரும்பியபோது அன்றைய தாள்களெல்லாம் மேசையில் இருந்திருக்கின்றன. கையெழுத்து வைக்கச் சொன்னார்களாம். வைக்காவிட்டால் வராதது தெரிந்துவிடும். கடைச் சீட்டையும் மூன்று தடவை வாசிக்கிற மனுஷன், அன்றைக்கு ஒன்றையும் வாசிக்காமல் எல்லாவற்றிலும் போட்டுவிட்டார்.

"நீங்க அன்னைக்கு அங்க இல்லைன்னு ஒரு சத்தியக்கடதாசி எழுதித் தாங்க," என்றேன்.

"கட்டப் பிரிச்சா உங்க அண்ணன் பக்கத்த மட்டும் பாக்க மாட்டாங்க டீச்சர்," என்றார். "நீங்க ஒண்ணு கேப்பீங்க. அவங்க எல்லாத்தையும் பாப்பாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல எனக்கு பென்ஷன். இவளுக்கு மருந்து."

எனக்கு அண்ணியின் வயிறுதான் கண்ணில் நின்றது. நீங்கள் தராவிட்டாலும் நான் பார்த்ததை நான் எழுதுவேன், லொறி டிரைவரையும் எழுதவைப்பேன் என்றேன். அது உண்மை. ஆனால் நான் அதை அவருக்குத் தகவலாகச் சொல்லவில்லை. மிரட்டலாகத்தான் சொன்னேன். வாழ்நாளெல்லாம் மேலேயிருந்து வரும் என்று அவர் பயந்துகொண்டிருந்தது, கடைசியில் பக்கத்து சீட்டிலிருந்து வந்தது. கட்டிலிலிருந்து அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் எட்டு நாள் அவர் ஆறரை பஸ்ஸில் வரவில்லை. ஐந்தரை பஸ்ஸில் போகிறார் என்று கடைக்காரர் சொன்னார். நான் பயந்துபோனேன். இடம் மாற்றம் கேட்டுவிட்டாரோ, என்மேல் போலீஸில் ஏதாவது சொல்லிவிட்டாரோ, இதை வைத்து அண்ணனுக்கு இன்னும் கூட்டிவிடுவார்களோ என்று மனசு எங்கெல்லாமோ ஓடியது. அந்த மூன்று மாதம் ஒரு வருஷமான கதை சாக்பீஸ் பிடிக்கும்போதுகூடக் கூடவே வந்தது. விட்டுவிடலாம், ஆறு மாதம்தானே என்று அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆறு மாசத்துக்கப்புறம் எங்க வந்து படுப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஒன்பதாம் நாள் ஆறரை பஸ்ஸில் ஏறினார். நேரே வந்து என் பக்கத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்தார். மடியில் ஒரு உறையை வைத்தார்.

"வாசிங்க டீச்சர். மூணு தடவ வாசிங்க. அப்புறமா லோயர்கிட்ட குடுங்க."

வேறொரு டவுனுக்குப் போய், கடதாசிகளை உறுதிப்படுத்துகிற, தெரியாத சமாதான நீதவான் ஒருவருக்கு முன்னால் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசி. அழகான ஆங்கிலம். எத்தனை மணிக்கு லொறியில் ஏறினார், எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரியில் துண்டுச்சீட்டு வாங்கினார், எத்தனை மணிக்குக் கையெழுத்து வைத்தார் என்று எல்லாம் இருந்தது. கையெழுத்து வைக்கச் சொன்னது யார் என்பது மட்டும் இல்லை. அந்த இடத்தில், பயத்தினால் நானே வைத்தேன் என்று எழுதியிருந்தார். நான் மூன்று தடவை வாசித்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தபோது, இறங்கும் இடம் வருவதற்கு முன்பே எழுந்து கதவடிக்குப் போய்விட்டார்.

மனுப் போட்டோம். ஒரு மாதத்தில் கொழும்பிலிருந்து கட்டைக் கேட்டு வந்தது. மறியலில் இருந்த அண்ணனுக்குப் பிணையும் கிடைத்தது. வழக்கு முடியும்வரை காம்பராப் பக்கம் வரக் கூடாது என்று தோட்டத்துக்கு லோயர் எழுதினார். எங்கள் கட்டைத் துணியில் சுற்றி அரக்கு வைத்து அனுப்பிய அன்று, பக்கங்களுக்கு எண் போட்டவர் முதலியார்தான் என்று பின்னால் தெரிந்தது. வேறு யாருக்கும் அந்த வேலை ஒழுங்காக வராதாம்.

விசாரணைக்கு ஹட்டன் ரயில் ஸ்டேஷனில் கோச்சியேறிக் கொழும்புக்குப் போனேன். பெரிய கூடம், இரண்டு நீதிபதிகள். யாரும் குரலை உயர்த்தவில்லை. தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. முதலியார் சொன்ன அந்த ஒருத்தரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி போட்ட, கொஞ்சம் இருமிக்கொண்டிருந்த மனுஷன். அவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. ஒப்புதல் செல்லாது, தண்டனை ரத்து, வழக்கைப் புதிதாக விசாரிக்கவேண்டும். லோயர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நீதிபதி நிறுத்தவில்லை. அதே தொனியில் இன்னொரு கட்டளையும் சொன்னார். வராத நாளுக்குக் கையெழுத்து வைத்த மொழிபெயர்ப்பாளர்மேல் விசாரணை நடத்தவேண்டும், அன்றைய மற்ற வழக்கேடுகளையும் அனுப்பவேண்டும். நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. முதலியார் அன்று கதவைச் சாத்திக்கொண்டு சொன்னது அப்படியே நடந்தது.

புது விசாரணைக்கு அந்த வாச்சர் வரவில்லை. இரண்டு தவணை பார்த்துவிட்டுப் போலீஸ் வழக்கைக் கைவிட்டது. அண்ணன் ஒரு தடவைகூட வாயைத் திறக்க வேண்டிவரவில்லை. வேலை திரும்பக் கிடைத்தது, காம்பராவும் தங்கியது. முதலியாருக்கு வேலை நின்றது. விசாரணை இழுத்துக்கொண்டே போனது. ஆனாலும் காலையில் பூட்டை எட்டுத் தடவை இழுத்துவிட்டு, போக இடமில்லாமல் சந்தியில் குடையோடு நிற்பார். பஸ் போனதும் வீட்டுக்குத் திரும்புவார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்து பழகிக்கொண்டேன்.

வீட்டைக் காலி செய்துகொண்டு சம்சாரத்தின் ஊர்ப் பக்கம் போகப்போகிறார் என்று தெரிந்தபோது, அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு போனான். மத்தியானம். வாசலில் கட்டில் சட்டம் சாய்த்து வைத்திருந்தது. அவர் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் முன்னால் போய், இரண்டு கையையும் கூப்பி, தலையைக் குனிந்து நின்றான். அதே மாதிரி.

முதலியார் கயிற்றை விட்டுவிட்டு வந்து அவன் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கும்பிடாதப்பா," என்றார். "வாயத் தொறந்து சொல்லு. அன்னைக்கு உன்கிட்ட கேட்டுச் சொல்ல நான் அங்க இல்ல. இப்ப இருக்கேன்."

அண்ணன் திணறினான். என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். கைகள் தானாக மேலே வரப் பார்த்தன, அவர் விடவில்லை. கடைசியில் அது வெளியே வந்தது.

"நான் எடுக்கலைங்க."

முதலியார் நிமிர்ந்து நின்றார். தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு, கோர்ட்டில் சொல்கிற அதே குரலில், அதை முதலில் சிங்களத்தில் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். அத்தனை வருஷத்தில் கோர்ட்டுக்கு வெளியே அவர் உரக்கப் பேசி நான் கேட்டது அன்றுதான். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து கயிற்றைக் கட்டத் தொடங்கினார்.